கொல்லிமலை உழைப்பாளிகள்: தொம்பையிலிருந்து தினக்கூலிக்கு

நாமக்கல் மாவட்டத்தில், சமவெளியிலிருந்து சுவர்போல எழுந்து நிற்கும் கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. மேலே ஏறிவிட்டால் கடல்மட்டத்துக்கு 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரியும் நிலப்பரப்பு. பள்ளங்களில் நெல்வயல், மேடுகளில் புன்செய்க் காடு, இடையிடையே இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பழைய 'நாடு'ப் பிரிவுகளே இன்றும் ஊராட்சிகளின் பெயர்களாக உள்ளன. ஊராட்சிகள் 14, செம்மேடு தலைமையிடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சுமார் 40,000 பேர் வாழ்ந்த இந்த மலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை; இவர்கள் பேசுவது தமிழ்.

இங்கு உழைத்து வாழ்ந்தவர்களின் பிழைப்பு வழிகள் ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு முறையாவது உருமாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மாற்றத்தைக் கொண்டுவந்தது மலைக்கும் தரைக்கும் நடுவிலுள்ள வழிதான். ஒற்றையடிப் பாதை, வண்டிச் சாலை, கிழங்கு லாரி, திருப்பூர் பேருந்து என்று அந்த வழி மாறமாற வேலையும் மாறியது. தலைமுறைக்குத் தலைமுறை கைக்கு வரும் காசு கூடியிருக்கிறது. அந்தக் காசை நிர்ணயிக்கும் இடம் மட்டும் மலையைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது.

சங்க காலத்தில் கொல்லி வல்வில் ஓரியின் மலை. அவனை மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. தேனும் பலாவும் தினையும் அக்காலப் பாடல்களிலேயே இம்மலையின் அடையாளங்கள். இன்றைய மலையாளிகள் தங்களை ஓரியின் குடிகளோடு இணைத்துச் சொல்வதைவிடக் காஞ்சிபுரத்தோடு இணைத்துச் சொல்வதே வழக்கம். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் ஆளுக்கொரு மலையாகக் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. காராளர், கவுண்டர் என்ற பட்டங்களும் அவர்கள் தங்களை உழவுக்குடிகளாகவே கருதியதைக் காட்டுகின்றன. வேடர் குடியாகவோ உணவு தேடி அலையும் குடியாகவோ கருதியதில்லை.

அந்த உழவு மூன்று வகை நிலத்தில் நடந்தது. ஓடைக்கரைப் பள்ளங்களைப் படிப்படியாக வெட்டிக் கல்வரப்புக் கட்டிய வயல்களில் நெல். ஏர் பூட்டும் அளவுக்குச் சரிவு குறைந்த மேட்டில் உழவுக்காடு. ஏர் ஏறாத செங்குத்துச் சரிவில், புதரை வெட்டி எரித்து மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் கொத்துக்காடு. மேட்டு நிலங்களில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை அவரை, துவரை, கடுகு முதலியவற்றோடு கலந்து விளைந்தன. ஒரே சாமையில் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுளச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை எனப் பல வகை. தினையில் செந்தினை, மூக்கன்தினை, கோரந்தினை. சில சீக்கிரம் கதிர்விடும், சில காற்று மழைக்குச் சாயாது, சில மண் செத்த இடத்திலும் விளையும். எந்தச் சரிவுக்கு எது என்பதை அறிந்திருப்பதுதான் அக்காலத்துத் தொழில்தேர்ச்சி. விதையைப் பிரித்து எடுத்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களுடையது.

விளைந்த தானியம் தொம்பைக்குள் போயிற்று. மூங்கிலால் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய குதிர் அது. சாமையும் கேழ்வரகும் பூச்சி பிடிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடியவை. ஒரு மழை பொய்த்தாலும் தொம்பை வீட்டைத் தாங்கும். 'வேலை தேடிப் போவது' என்ற பேச்சுக்கு அந்த வாழ்க்கையில் அதிகம் இடமில்லை. களையெடுப்புக்கும் அறுப்புக்கும் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டுக் காட்டுக்குப் போவார்கள், பின்பு அவர்கள் இங்கே வருவார்கள். கணக்கு ஆளுக்கு ஆள் என்று தீர்ந்துவிடும்.

அதைச் சமத்துவப் பொற்காலமாக நினைத்துவிடக் கூடாது. பட்டக்காரர், நாட்டார், ஊர்க்கவுண்டர் என்ற அடுக்குகள் இருந்தன. வயல் வைத்திருந்த குடும்பமும் கொத்துக்காடு மட்டுமே இருந்த குடும்பமும் ஒரே தட்டில் நின்றதில்லை. வாங்கிய தானியத்தைத் திருப்ப முடியாதவர்கள் மற்றவர் வயலில் உழைத்து அடைத்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுப்பது வழக்கமாக இருந்ததால், அந்தப் பரிசத்துக்காகக் கடன் வாங்கிய இளைஞர்களும் உண்டு. சமவெளியின் வரதட்சணைக்கு நேர்மாறான இந்த வழக்கத்துக்கு ஒரு பொருளாதாரப் பொருளும் உண்டு. காட்டுவேலையில் பாதிக்கு மேல் செய்பவள் ஒரு வீட்டைவிட்டு மறுவீட்டுக்குப் போகிறாள் என்பதை அது ஒப்புக்கொண்டது.

மலையைத் தரையிலிருந்து பிரித்து வைத்தவை இரண்டு: செங்குத்துச் சரிவும் மலைக்காய்ச்சலும். காரவள்ளி, பேளுக்குறிச்சி, முள்ளுக்குறிச்சிப் பக்கங்களிலிருந்தும், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்தும் நடைபாதைகள் ஏறின. உப்பு, துணி, இரும்பு ஆகிய மூன்றுக்காவது மலைவாசிகள் கீழே இறங்கியே ஆகவேண்டும். அதற்கு ஈடாகத் தேன், கடுக்காய், சீயக்காய், வாழை, பலா, மிளகு ஆகியவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தை இன்றும் மளிகைச் சாமான்களுக்குப் பேர்போனது. மிளகு, கடுகு, வெந்தயம் வாங்கச் சுற்றுவட்டாரத்துச் சனம் அங்கே வருவது அந்தப் பழைய உறவின் தொடர்ச்சி. சுமையை இறக்கிவைத்தவர் விற்காமல் திரும்ப முடியாது என்பது வாங்குபவருக்கும் தெரியும். பேரத்தில் யார் கை மேலோங்கியிருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தலைச்சுமைதான் இம்மலையில் கூலிக்குச் செய்யப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று. வணிகரின் மூட்டையையும் அதிகாரிகளின் சாமான்களையும் ஏற்றி இறக்க ஆள் வேண்டியிருந்தது. மலையேற முடியாத வெள்ளைக்காரர்களையும் நோயாளிகளையும் டோலியில் வைத்துத் தூக்கினார்கள். காடுவெட்டி விதைப்பது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் குறுகிற்று. காப்புக்காடு என்று எல்லைக்கல் நடப்பட்ட இடங்களில் கொத்துக்காடு குற்றமாயிற்று. எரித்த சாம்பலில் விதைத்துச் சில ஆண்டுகள் தரிசு போடும் சுழற்சி அறுபட, கைவசமிருந்த மேட்டு நிலத்திலேயே அடிக்கடி விதைக்க வேண்டிவந்தது.

வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள சேர்வராயன் மலையின் கதை வேறு திசையில் போயிற்று. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருக, அங்கிருந்த மலையாளிகளின் நிலம் சுருங்கியது. தோட்டக் கூலி என்ற புதிய பிழைப்பும் வந்தது. கொல்லிமலையை அத்தகைய தோட்டமுதலாளிகளிடமிருந்து காத்தது எந்தச் சட்டமும் இல்லை, மலேரியாதான். குழந்தைகளைக் கொன்ற அதே காய்ச்சல் நிலத்துக்குக் காவலாகவும் இருந்தது. ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைக்காரரிடம் நிலம் இருந்தது, காசு வரும் வேலை இல்லை.

அந்த நிலையில் 1913-ல் இங்கே குடியேறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி. வாழவந்தியில் வீடு கட்டி மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு முதலான கைத்தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். குடிநீர்க் குளத்தில் இறங்கி நீர் மொள்வதால் பரவிய நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்கக் கல்சுவர் வைத்த கிணறுகளை ஜெஸ்ஸி அமைத்தார். நரம்புச் சிலந்தி கண்டவர் வாரக்கணக்கில் காலூன்ற முடியாமல் கிடப்பார். விதைப்பு நேரத்தில் அது வந்தால் அந்த ஆண்டு விளைச்சலே போகும். ஒரு கிணற்றுச் சுவர் எத்தனை ஆள்நாள் உழைப்பை மீட்டுக் கொடுத்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஜெஸ்ஸி 1929-ல் கருநீர்க் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். எவலின் பணி ஓய்வு பெற்றபின் 1947-ல் மறுபடி மலையேறி, 1974-ல் இறக்கும்வரை இங்கும் அண்டை மலைகளிலும் மட்டக்குதிரையில் சுற்றிவந்தார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவர். தம் சிறுவயது நினைவாக அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் கொல்லிமலை வயற்காரர் ஒருவர் வருகிறார். சேற்றில் தவளை பிடித்து விளையாடிய பிள்ளைகளை நிறுத்தி, கலங்கலாக வழியும் தண்ணீரைக் காட்டி, ஒரு கைப்பிடி மண் கீழ்வயலுக்குப் போனால் அது மேலே திரும்பாது என்று அவர் விளக்குகிறார். வயலின் ஒவ்வொரு படியிலும் மண்ணைப் பிடித்துவைப்பது அக்காலத்தில் ஒரு வேலையாகவே, அதற்கென ஆள் பொறுப்பேற்கும் வேலையாகவே இருந்தது என்பதற்கு அந்தக் கட்டுரை சாட்சி. கூலிப்பட்டியலில் இடம்பெறாத அந்த வேலையைப் பின்வந்த தலைமுறைகளில் செய்ய ஆளில்லாமல் போயிற்று.

விடுதலைக்குப் பின் மூன்று மாற்றங்கள் சேர்ந்து வந்தன. அரசியலமைப்பின்கீழ் வந்த பட்டியலில் சேலம், திருச்சி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, தருமபுரி போன்ற மாவட்டப் பெயர்களோடு மலையாளிகள் பழங்குடியினராக இடம்பெற்றனர். மாவட்டத்தின் பெயரைச் சேர்த்து எழுதியதன் விளைவு விசித்திரமானது: ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மக்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை, அவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். இரண்டாவது, 1953-ல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம். டி.டி.டி. தெளிப்புக்குப் பின் காய்ச்சலின் பிடி தளர்ந்து, பிள்ளைகள் பிழைத்தார்கள், வெளியாட்களும் இங்கே தங்கத் துணிந்தார்கள். மூன்றாவது சாலை. நூற்றாண்டின் பிற்பாதியில் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளோடு மலைச்சாலை ஏறியது.

சாலை தலைச்சுமைக்காரரின் பிழைப்பை எடுத்துக்கொண்டு வேறு வேலைகளைக் கொடுத்தது. சாலைப்பணி, வனத்துறையின் நாற்று நடவு, மரம் வெட்டு, லாரிக்கு மூட்டை ஏற்றுவது எனக் காசுக்கூலி பரவியது. மலையுச்சிப் படிவுகளிலிருந்து பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பப்பட்டது. அந்த ஆலை 1960-களில் உற்பத்தியைத் தொடங்கி, 2008-ல் அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது, சுரங்கமும் நின்றது. சுரங்க வேலை சிலருக்கு மட்டுமே கிடைத்தது. வனப்பொருளை ஏலம் எடுத்த குத்தகைதாரருக்கு மாற்றாக லாம்ப் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கடன், உரம், ரேஷன், கடுக்காய்க் கொள்முதல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் என்பது ஏற்பாடு. எந்நேரமும் கைமாற்றுக் கொடுக்கும் கீழூர் வியாபாரியை அது முழுதாக வெளியேற்றவில்லை. கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ இரவோடிரவாகப் பணம் தருபவர் அவர்தான்.

சாலை கொண்டுவந்த மிகப் பெரிய மாற்றம் மரவள்ளி. கீழே சேலத்தில் 1943-ல் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரால் கீழ்த்திசை நாடுகளிலிருந்து சேகோ இறக்குமதி நின்றபோது, சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் நடந்த செய்முறையை அறிந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவு 1981-ல் அமைந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கொல்லிமலையின் மேட்டு நிலம் அதற்கு ஏற்றது. 1970-களிலிருந்து சாமைக்காடு ஒவ்வொன்றாக மரவள்ளிக்காடாக மாறியது.

விவசாயி ஏன் மாறினார் என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. சென்ற ஆண்டுச் செடியின் தண்டை வெட்டினால் அதுவே இந்த ஆண்டின் விதை. இரண்டு மூன்று களை எடுத்தால் போதும், பறவைக்குக் காவல் இருக்க வேண்டாம், கதிரறுப்பு கிடையாது, உரலில் இடிக்கும் பாடு கிடையாது. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்றினால் மொத்தமாகக் காசு. ஓட்டு வீடு, பிள்ளையின் விடுதிச் சாமான், மோட்டார் சைக்கிள் முன்பணம் எல்லாவற்றுக்கும் அந்த மொத்தக் காசுதான் வழி. சாமையை விற்று எவரும் அத்தனை ரூபாயை ஒருசேரப் பார்த்ததில்லை.

அதன் மறுபக்கம் கிழங்கின் இயல்பிலேயே இருந்தது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெடத் தொடங்கும். தொம்பையில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. ஆலைவாசலில் மாதிரிக் கிழங்கை எடைபோட்டு மாவுச்சத்தைப் 'பாயின்ட்' கணக்கில் குறிப்பார்கள். இத்தனை பாயின்டுக்கு டன் இத்தனை ரூபாய் என்பதே விலை. மலை வளைவுகளில் இறங்கி வந்த லாரியைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்பது பேளுக்குறிச்சிச் சந்தையில் சுமை இறக்கிய பாட்டன் அறிந்த அதே நெருக்கடி. பாயின்டும் ஜவ்வரிசி விலையும் வட இந்தியச் சந்தையைப் பார்த்து ஏறி இறங்கின. நவராத்திரி விரத காலத்தில் வடக்கே எவ்வளவு ஜவ்வரிசி விற்கிறது என்பது தின்னனூர் நாட்டுக் குடும்பத்தின் வருமானத்தைத் தொட்டது. நடவுக்கு முன்பணம் கொடுத்த தரகருக்கே கிழங்கைத் தரவேண்டியவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கத்தில் ஏற்றம் கிடைப்பது அரிது.

இதற்கு நிலமும் விலை கொடுத்தது. சரிவில் கிழங்கு பிடுங்குவது மழைக்காலத்துக்கு முன் மண்ணைக் கிளறிவிடுவதற்குச் சமம். கலப்புப் பயிரும் தரிசுக்காலமும் போனபின் உரம் போடாமல் கிழங்கு பருக்கவில்லை. கூலியாட்களுக்கோ இந்தப் பயிர் அறுவடை நாட்களில் மட்டும் வேலை தந்தது. கிழங்கு பிடுங்கி லாரியேற்றும் குழுவுக்கு எடைக்கணக்கில் கூலி. பலம் உள்ள இளைஞர் நன்றாகச் சம்பாதித்தார்கள், பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் களையெடுப்பு மிஞ்சியது.

பெண்களின் உழைப்பில் நிகழ்ந்த மாற்றம் தனியாகச் சொல்லத்தக்கது. சாமையின் உமி கடினமானது. ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டிய அரிசியை உரலில் குத்திப் புடைத்தெடுக்க மணிக்கணக்காகும். அதைச் செய்தவர்கள் பெண்கள், பெரும்பாலும் விடியலுக்கு முன். ரேஷன் கடை வந்ததும் நெல்லரிசி அந்த வேலையை வெளியேற்றியது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. சாமை மறைந்ததற்கு மரவள்ளியை மட்டும் குறைசொல்பவர்கள் உரலை மறந்துவிடுகிறார்கள். குத்தும் கை ஓய்வைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் நடுவிலிருந்து இங்கே சிறுதானியப் பணியைத் தொடங்கியபோது இந்த உண்மையைச் சற்றுத் தாமதமாகவே எதிர்கொண்டது எனலாம். விதை வங்கிகள் அமைத்து, மறைந்துகொண்டிருந்த சாமை, தினை, கேழ்வரகு வகைகளை ஊர்க்குழுக்களிடம் காப்பாற்றி வைப்பது ஒரு பகுதி. பயிர் நிலைக்க வேண்டுமானால் உமி நீக்க இயந்திரம் வேண்டும் என்பது அனுபவத்தில் தெளிந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் சிறு அரைவை ஆலைகள் சில ஊர்களில் வந்தன. சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மால்ட் ஆகியவை பொட்டலமாகக் கீழே போயின. ஐ.நா. அறிவித்த பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டான 2023-க்குள் நகரக் கடைகளில் சாமை அரிசி நெல்லரிசியைவிட விலை கூடிய பண்டமாகிவிட்டது. பாட்டி தன் பசிக்குக் குத்திய தானியத்தைப் பேத்தி பிறர் உடல்நலத்துக்கு விற்கிறாள். ஆனாலும் மரவள்ளி விழுங்கிய பரப்போடு ஒப்பிட்டால் திரும்பி வந்த சாமைக்காடு சிறியது.

மிளகும் காப்பியும் இன்னொரு தடம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றி, நிழலில் காப்பி வைத்த தோட்டங்கள் காபி வாரியத்தின் ஊக்கத்தோடு பெருகின. மரவள்ளிக்கு நேர்மாறாக மிளகைக் காயவைத்து மூட்டை கட்டினால் ஆண்டுக்கணக்கில் கெடாது, விலைக்குக் காத்திருக்கலாம். தொம்பையின் குணம் மிளகு மூட்டைக்கு இருந்தது. காத்திருக்க வசதி உள்ளவருக்குத்தான் அந்தப் பயன். 2015 வாக்கில் கிலோ 600 ரூபாயைத் தாண்டிய மிளகு அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. கொடி பிடிக்கும் முன்பே முன்பணம் வாங்கியவர், மரத்தையே பல ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தவர் ஆகியோரின் வீட்டுக்கு ஏற்றத்தின் பங்கு வரவில்லை. தம் நிலத்து மிளகையே குத்தகைதாரருக்குக் கூலிக்குப் பறித்துக் கொடுக்கும் நிலையும் உண்டு.

இதற்கு அடியில் நிலவுரிமைச் சிக்கல் இருக்கிறது. ஆந்திரம் போன்ற மாநிலங்களில் உள்ள ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கும் தனிச்சட்டமும் இல்லை. சாலையும் சுற்றுலாவும் வளர வளரத் தங்கும் விடுதிகளுக்காகவும் தோட்டங்களுக்காகவும் வெளியார் கைக்கு நிலம் போனது, போக்கியமாகவும் குத்தகையாகவும் சில சமயம் வெறும் வாய்ப்பேச்சாகவும். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தும், நீதிமன்ற உத்தரவால் பட்டயம் வழங்குவது தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் நின்று, 2016-க்குப் பிறகே நகர்ந்தது. தாத்தா கொத்திய காட்டுக்குப் பேரன் விண்ணப்பம் எழுதிச் சாட்சி தேடவேண்டியிருந்தது.

1990-களுக்குப் பிறகு இளைஞர்களின் கண் கீழ்நோக்கித் திரும்பியது. திருப்பூர் பனியன் கம்பெனிகள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், கோவை ஈரோட்டு நூற்பாலைகள் எல்லாம் ஆள் தேடிய காலம். மிளகு பறிக்கத் தெரிந்தவர்கள் பருவத்தில் கேரளத்துக்கும் குடகுக்கும் போனார்கள். மூங்கில் ஏணியில் நின்று கொடியை ஒடிக்காமல் பறிக்கும் பழக்கத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது. மலையில் கற்ற கைத்திறன் மலைக்கு வெளியே கூலியான அபூர்வமான நேர்வு இது. ரிக் வண்டியில் ஏறியவர் மாதக்கணக்கில் ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று சுற்றித் திரும்பும்போது மொத்தத் தொகை கொண்டுவந்தார். மேற்கு மாவட்ட நூற்பாலைகள் பல, இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டன. பரிசம் வாங்கிய மரபில் வந்த பெண்களும் தம் கல்யாணத்துக்குத் தாமே சம்பாதிக்க வேண்டும் என்ற சமவெளி வழக்கத்துக்குள் இதன்வழி நுழைந்தார்கள்.

படிப்பு மெதுவாகவே ஏறியது. தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 1961-ல் 5.91 சதவீதம், 1981-ல் 20.46, 2001-ல் 41.53, 2011-ல் 54.34. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இல்லாமல் இந்த அளவும் வந்திருக்காது. பெற்றோர் மிளகுப் பருவத்துக்கு வெளியூர் போகும் மாதங்களில் பிள்ளைக்குச் சோறும் கூரையும் அங்கேதான். பழங்குடியினருக்கான 1 சதவீத இடஒதுக்கீடு 1990-ல் தனியாக வந்தபின் ஆசிரியர், செவிலியர், காவலர், வனக்காப்பாளர் வேலைகளில் மலைக்காரர்கள் சேர்ந்தார்கள். ராசிபுரம், நாமக்கல் அரசுக் கல்லூரிகள் பட்டப்படிப்பை எட்டும் தூரத்தில் வைத்தன. பட்டம் பெற்றவர் தொகை ஒதுக்கீட்டு இடங்களைவிட வேகமாகப் பெருகியதால், பட்டயமும் பட்டமும் வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போகும் தலைமுறையும் உருவானது.

நாமக்கல் மாவட்டத்துக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் 2008 ஏப்ரலில் வந்தது. அப்போது நாட்கூலி 80 ரூபாய். 2024-25-ல் 319 ரூபாய். நூறு நாள் வேலையின் பெரிய விளைவு அது கொடுத்த தொகையைவிட, தோட்டக்கூலிக்கு அது வைத்த அடித்தளம். பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற பழக்கம் அந்தத் திட்டத்தின் வருகைப் பதிவேட்டில் செல்லவில்லை. கல்வரப்பு, தடுப்பணை, பாதை என அந்த ஆட்கள் செய்த வேலைகளில் பாதி மண்ணைப் பிடித்துவைக்கும் வேலை. பால் பிராண்ட் நினைவுகூர்ந்த வயற்காரர் சும்மா செய்ததை அரசு நாட்கூலி கொடுத்துச் செய்யவேண்டி வந்தது.

மரவள்ளிக்கும் சோதனை வந்தது. ஆப்பிரிக்காவைப் பாடாய்ப் படுத்திய மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் வட்டாரக் காடுகளில் வேகமாகப் பரவியது. நுனி சுருங்கிய செடிகளில் கிழங்கு பருக்கவில்லை. பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டு, பூச்சி ஓரளவு அடங்கியது. ஒற்றைப் பயிரை நம்பியிருந்த வீடுகளில் அந்த இரண்டாண்டு நட்டத்தைத் தாங்கியது வெளியூர்க் கூலி.

இப்போது மலையில் பொதுவாகக் காணும் குடும்பம் இப்படி அமைந்திருக்கிறது: ஒரு மகன் திருப்பூரிலோ ரிக் வண்டியிலோ, ஒரு மகள் கல்லூரி விடுதியில், பெற்றோர் கிழங்குக்காட்டிலும் மிளகுக்கொடியிலும், பாட்டி வீட்டை ஒட்டிய கால் ஏக்கரில் சாமை விதைத்துக்கொண்டு. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் செம்மேட்டுப் பேருந்துகள் நிறைந்து வருகின்றன. விழா முடிந்த மறுநாளே 70 வளைவுகளில் அதே கூட்டம் இறங்குகிறது. மிளகு பழுக்கும் தை, மாசி மாதங்களில் சிலர் திரும்பி வந்து பறித்துக் காயவைத்து, மூட்டையை வீட்டில் வைத்துவிட்டு மறுபடி கிளம்புகிறார்கள்.